பினாங்கில் நடுராத்திரிச் சாப்பாடு

போன மாதம் நானும் எங்க வீட்டுக்காரரும் ஐந்து நாள் பினாங்கு போய் வந்தோம். திரும்பியதிலிருந்து "என்னவெல்லாம் பார்த்தீங்க டீச்சர்?" என்று கேட்காத ஆள் இல்லை. கோயில், மலை ரயில், கடற்கரை எல்லாம் படமாகப் போட்டுவிட்டேன். இந்தப் பதிவு சாப்பாட்டைப் பற்றியும் ராத்திரிகளைப் பற்றியும். கொஞ்சம் நீளம்தான். நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

மகள்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். பாங்காக், பாலி என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். நான்தான் பினாங்கு என்று பிடிவாதமாக நின்றேன். இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்று மலேசியா அறிவித்திருப்பதால் அலைச்சலும் இல்லை. ஆனால் காரணம் அது இல்லை.

கடையநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் 27 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். வருடா வருடம் வகுப்புப் பதிவேடு எழுதும்போது "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டால், நாலைந்து பிள்ளைகளாவது "பினாங்குல இருக்காங்க டீச்சர்" என்று சொல்லும். என்ன வேலை என்று சொல்லாது. பினாங்கு என்பதே ஒரு வேலையின் பெயர் மாதிரி. அந்த அப்பாமார்கள் லீவில் வந்தால் எங்களுக்கும் கோடாலித் தைலமும் மைலோ டப்பாவும் வந்து சேரும். வாங்கக் கூடாதுதான். வாங்கியிருக்கிறேன். ஒன்றை முடித்து அடுத்ததைத் திறக்கும்போதெல்லாம், இந்த ஊரை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று தோன்றும்.

முதலில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மலேசியா நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே ராத்திரி பத்து மணி என்றால் நம் வயிற்றுக்கு ஏழரை. வீட்டில் எட்டரைக்குச் சாப்பிட்டு ஒன்பதரைக்கு விளக்கணைக்கிற எங்களை, ராத்திரிப் பறவைகளாக மாற்றியது இந்தக் கணக்குதான். அங்கே பதினொன்றுக்குப் பசிக்கிறது, ஒரு மணிக்குக்கூடத் தூக்கம் வருவதில்லை. எங்க வீட்டுக்காரர் முதல் நாள் சுகர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, இதை ஊர் நேரத்துக்குப் போடுவதா இந்த ஊர் நேரத்துக்குப் போடுவதா என்று கட்டிலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்துக்குப் போடுங்கள் என்றேன்.

முதல் ராத்திரி வெளியே போகவே இல்லை. நான் பெட்டியில் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், ஒரு சின்ன மின்சாரக் குக்கர் எல்லாம் கொண்டு போயிருந்தேன். சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்வீர்கள். ஹோட்டல் அறையில் சோறு பொங்கி, எழுதுகிற மேஜையில் வைத்து அவருக்குப் பரிமாறினேன். அவர் சாப்பிட்ட பிறகு நான் சாப்பிட்டேன். ஜன்னலுக்குக் கீழே தெரு முழுக்கச் சத்தம், வாசனை, வெளிச்சம். குக்கர் பாத்திரத்தைக் குளியலறைக் குழாயில் கழுவும்போதுதான் எனக்கே வெட்கமாக இருந்தது. கடல் தாண்டி வந்தும் நான் தென்காசி அடுப்படியில்தான் நிற்கிறேன்.

மறுநாள் குக்கரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

இரண்டாம் ராத்திரி ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே ஒரு திறந்தவெளி உணவுத் திடலுக்குப் போனோம். நடுவில் நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் நாற்காலிகள், சுற்றிலும் சின்னச் சின்னக் கடைகள். கடைக்கு ஒரு பண்டம்தான். வறுத்த நூடுல்ஸ் போடுகிறவர் அதை மட்டும்தான் போடுவார், சிப்பி ஆம்லெட் போடுகிறவர் அதை மட்டும். முதலில் ஒரு மேஜையைப் பிடிக்க வேண்டும். அதன் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு ஒவ்வொரு கடையாகப் போய், இன்னது வேண்டும், இத்தனாம் நம்பர் மேஜை என்று சொல்லிவிட்டு வரவேண்டும். பண்டம் மேஜைக்கு வரும்போது காசு. குடிக்கிற சாமான்களுக்கு மட்டும் தனி ஆள், அவரே தேடி வருவார்.

சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள் என்று மகள் எச்சரித்து அனுப்பியிருந்தாள். அதனால் கேட்டுக் கேட்டு வாங்கினோம். பசெம்பூர் என்று ஒன்று. பொரித்த வடை மாதிரி உருண்டைகள், டோஃபு, வெள்ளரிக்காய்த் துருவல், மேலே இனிப்பும் காரமுமாகச் சர்க்கரைவள்ளிக்கிழங்குச் சாறு. இது தமிழ் முஸ்லிம்கள் அங்கே கொண்டுவந்த பண்டம். அப்பத்தை 'அப்போம்' என்கிறார்கள். இடியாப்பம் 'புத்து மாயம்' ஆகிவிட்டது. பக்கத்து மேஜைச் சீனப் பாட்டி ஒருவர் இடியாப்பத்தில் சர்க்கரை தூவிக் குச்சியால் எடுத்துச் சாப்பிடுவதைப் பார்த்து நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது பண்டத்தை இல்லை. அந்த மேஜையில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். 36 வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் சாப்பிடும்போது நான் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறேன். நின்று பரிமாறுகிறவளுக்குத் தெரிவது தலை உச்சிதான். அது எப்போது நரைத்தது, எப்போது வழுக்கை விழுந்தது என்பதெல்லாம் எனக்கு வருடவாரியாகத் தெரியும். முகம்? மெல்லும்போது இடது பக்கமாகவே மெல்லுகிறார். வலது பக்கம் ஒரு பல் போய்விட்டதாம், மூன்று வருடம் ஆகிறதாம். "ஏன் சொல்லல?" என்றேன். "நீ கேக்கல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவர் சாப்பிடுகிற முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

மேடையில் ஒரு அம்மாள் பழைய ஆங்கிலப் பாட்டும் சீனப் பாட்டுமாக மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டிருந்தார். எங்கள் வயசு, எங்களைவிட மூத்த சீன ஜோடிகள் எழுந்து மேடைக்கு முன்னால் ஆடினார்கள். ஆட்டம் என்றால் குதிப்பு இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு அளந்து வைக்கிற அடிகள். ஒருவர் ஊன்றுகோலை நாற்காலியில் சாத்திவைத்துவிட்டுப் போய் ஆடினார். எங்க வீட்டுக்காரர் மேஜைக்கடியில் காலால் தாளம் போட்டார். "போய் ஆடுங்களேன்" என்றேன். "நீ வாறியா?" என்றார். இரண்டு பேரும் போகவில்லை. ஆனால் அவர் கேட்டார் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

சர்க்கரை இல்லாத டீக்கு அங்கே ஒரு மந்திரம் இருக்கிறது: 'தே ஓ கோசோங்'. தே என்றால் டீ, ஓ என்றால் பால் இல்லாமல், கோசோங் என்றால் வெறுமை, அதாவது சர்க்கரை பூஜ்யம். நம் ஊரில் ஒரு டீக்கடையில் சர்க்கரை இல்லாமல் டீ வாங்க எத்தனை விளக்கம் கொடுக்கவேண்டியிருக்கிறது! எங்க வீட்டுக்காரருக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடித்துப்போனது. ஊருக்கு வந்த பிறகும் என்னிடம் "கோசோங்" என்றுதான் கேட்கிறார்.

மூன்றாம் ராத்திரிக்கு வருகிறேன். மாலையில் குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1833இல் கட்டியது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், இன்னொரு பக்கம் சீனர்களின் கோயில், அதையும் தாண்டினால் பழைய தேவாலயம். எல்லாம் நடக்கிற தூரம். சூலியா தெரு என்று ஒன்று. சூலியா என்பது தமிழ் முஸ்லிம்களுக்கு அங்கே இருந்த பழைய பெயர். பகலில் சாதாரணத் தெரு, இருட்டியதும் ஓரமெல்லாம் தள்ளுவண்டிச் சாப்பாட்டுக் கடைகள் முளைத்துவிடுகின்றன. அதிலிருந்து ஒரு சந்து பிரிகிறது. பெயர் லவ் லேன். நான் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் எங்கேயோ பார்த்தார்.

சந்து முழுக்க மதுக்கடைகள். குட்டி நாற்காலிகளை நடைபாதையில் போட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கிட்டார் வாசித்து ஒருவன் பாடினான். வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தோம். திரும்பி மறுபடி நடந்தோம். மூன்றாம் தடவை, வாசலில் நின்ற பெண்பிள்ளை, "ஆன்ட்டி, அங்கிள், உட்காருங்க" என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டாள். எங்க வீட்டுக்காரர் தபால் துறையில் ஓய்வு பெற்றவர், ஒரு கேள்வியை எழுத்தில் கொடுத்தால்தான் பதில் சொல்வார். அவர் என்னைப் பார்த்து, "ஏளா, நான் ஒரு பீர் குடிக்கட்டுமா?" என்றார்.

கல்யாணமான புதிதில் நண்பர்களோடு குடித்துவிட்டு வந்த ஒரு ராத்திரி உண்டு. அதற்கு நான் பதினொரு நாள் பேசாமல் இருந்தேன். அதன் பிறகு அவர் தொட்டதில்லை, அல்லது எனக்குத் தெரிந்து தொட்டதில்லை. 36 வருடம் கழித்து, ஒரு சந்தில், அனுமதி கேட்கிறார். பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. "ஒண்ணுதான்" என்றேன். (கமெண்ட்டில் சுகர் அறிவுரை வேண்டாம். டாக்டரிடம் நாங்களே ஒப்புக்கொண்டுவிட்டோம்.) எனக்கு எலுமிச்சைச் சாறு, உள்ளே உப்பும் புளிப்புமாக ஒரு காய்ந்த பிளம் பழம். அவருடைய கிளாஸில் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நிலவேம்புக் கஷாயத்தை ஐஸில் வைத்த மாதிரி இருந்தது. இதற்காகவா நான் பதினொரு நாள் பேசவில்லை?

முக்கால் மணி நேரம் அங்கே இருந்தோம். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நம் ஊரில் ராத்திரி பத்து மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்றாலே நாலு பேர் "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள்.

வெளியே வந்தபோது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அகோரப் பசி. விடிய விடியத் திறந்திருக்கும் நாசி கண்டார் கடை ஒன்று பக்கத்தில் இருப்பதாக அந்தப் பெண்பிள்ளை கைகாட்டினாள். நாசி என்றதும் எங்க வீட்டுக்காரர் மூக்கைத் தடவிக்கொண்டார். மலாய் மொழியில் நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் வைத்துத் தூக்குகிற காவடிக் கம்பு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் ஒரு கூடையில் சோறு, மறு கூடையில் குழம்பு என்று கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டு, துறைமுகக் கூலிகளுக்கு விற்றுக்கொண்டு போனார்கள். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் ஏறிப் போனவர்களைப் பற்றி எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்களில் எத்தனையோ பேரின் முதல் வேலை இந்தக் கூடைதான்.

நள்ளிரவுக்கு மேல் கடைக்கு முன்னால் வரிசை நிற்கிறது! டாக்ஸி ஓட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த நர்ஸ் பெண்கள், சினிமா முடிந்து வந்த குடும்பங்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் உள்ளே இருப்பவரை "ஆனே" என்று கூப்பிடுகிறார்கள். நம் அண்ணேதான் அது. கண்ணாடிக்குப் பின்னால் மீன் தலைக் குழம்பு, கணவாய், பொரித்த கோழி, மாட்டுக்கறி, முழு வெண்டைக்காய், முட்டை. நாம் காட்டுகிறதைச் சோற்றின் மேல் வைத்துவிட்டு, ஒரே குழம்பை ஊற்றினால் போதாது என்று நாலைந்து குழம்பிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி மொண்டு ஊற்றுவார். அதற்கு 'பஞ்சிர்' என்று பெயர், வெள்ளம் என்று அர்த்தம். சோறு மூழ்கிவிடும். விலைப்பட்டியல் கிடையாது. ஒருவர் தட்டைப் பார்க்கிறார், விலையைச் சொல்கிறார், அவ்வளவுதான். எங்கள் இரண்டு தட்டும் இரண்டு டீயும் 38 ரிங்கிட் என்றார். ஒரு ரிங்கிட் ஏறக்குறைய 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மனசுக்குள் கூட்டி முடிப்பதற்குள் அவர் அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். கணக்கு டீச்சர் தோற்ற இடம் அது.

ருசியை எப்படிச் சொல்ல? மீன் குழம்பும் கோழிக் குழம்பும் கலந்தால் நம் வீட்டில் கீழே கொட்டுவோம். அங்கே அதுதான் சாப்பாடு. காரம் நம்முடையது, ஆனால் பட்டையும் சோம்பும் தூக்கல், அடியில் ஒரு மெல்லிய இனிப்பு. எங்க வீட்டுக்காரர் இடது பக்கமாக மென்றுகொண்டே, "ஏளா, கணவாய எடுத்துப் பாரு" என்றார்.

அதைக் கேட்டுத்தான், மேஜை துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். தோளில் ஈரத் துணி. "தென்காசிப் பக்கமா நீங்க? அய்யா 'ஏளா'ன்னாகல்ல, அதுல தெரிஞ்சுபோச்சு."

கடையநல்லூர்க்காரர். பதினெட்டு வருடமாக இங்கே. சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தால் காலை ஏழு மணிக்குத்தான் அறைக்குப் போவாராம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஊர். மூத்த மகள் கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள். நான் கணக்கு டீச்சர், அந்தப் பக்கம்தான் வேலை பார்த்தேன் என்றதும் தோளிலிருந்த துணியை எடுத்து இடது கையில் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். மேலதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி. அவர் என்னிடம் படித்தவர் இல்லை. அவருடைய அக்கா மகன் எங்கள் பள்ளியில் படித்தவனாம்.

இங்கேதான் எங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். பீரா, வெறும் உற்சாகமா, தெரியவில்லை. "எங்க டீச்சரம்மா வருசா வருசம் பயலுவளைத் திட்டுவா. படிக்கலன்னா பினாங்குல போய்த் தட்டுக் கழுவ வேண்டியதுதாம்ல்லேம்பா. நான் எத்தனையோ நாள் கேட்டிருக்கேன்!" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. பள்ளியை ஒட்டித்தான் எங்கள் வீடு. என் சத்தம் எங்கள் திண்ணை வரைக்கும் கேட்கும்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க வாத்தியாரும் அதத்தாம் டீச்சர் சொன்னாரு. அவரு சொன்ன மாதிரியே வந்துட்டேன் பாருங்க" என்றார். கிண்டலோ வருத்தமோ அதில் எதுவும் இல்லை. எதிர் மேஜையில் யாரோ "ஆனே" என்று கூப்பிட, போய்விட்டார்.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பினாங்கு என்றால் தட்டுக் கழுவுவது என்று எனக்கு யார் சொன்னது? அந்தப் பிள்ளைகள் யாரும் சொல்லவில்லை. அப்பா என்ன வேலை என்று கேட்டால் ஊர்ப் பெயரைத்தானே சொல்லும். நானாக வைத்துக்கொண்டது. என் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் நாலைந்து பேரின் அப்பா அந்த நேரத்தில் ராத்திரி முழுக்கக் கண்விழித்துவிட்டு, இதுமாதிரி ஒரு கடையின் மாடியில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார். அதைத்தான் நான் வகுப்பு நடுவில் நின்று, மோசமான வாழ்க்கைக்கு உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அப்பா அனுப்பிய தைலத்தை ராத்திரி நெற்றியில் தடவிக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் கை தன்னால் இரண்டு தட்டையும் அடுக்கி எடுத்தது. வீட்டுப் பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் எங்கிருந்தோ ஓடி வந்தார். "வைங்க டீச்சர், வைங்க. அது என் வேலையில்லா" என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இரண்டு டீக்கு மேல் மூன்றாவதாக எனக்கு ஒரு தே தாரிக் கொண்டுவந்து வைத்தார், ஆற்றி ஆற்றி மேலே நுரை நின்றது. காசு வாங்கவில்லை. மகளுக்கு ஏதாவது கொடுத்தனுப்பவா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். பிறகு யோசித்து, "அவ ஒரு சந்தேகம் கேட்டா சொல்லிக் குடுங்க டீச்சர், போன்ல. ஏதோ நம்பர் தியரியாம். எனக்கு என்ன தெரியும்?" என்றார். எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அறைக்கு நடந்து வரும்போது மணி இரண்டு. எங்க வீட்டுக்காரர், "நான் சொல்லிருக்கக் கூடாதோ?" என்றார். "நீங்க சொன்னதுல என்ன தப்பு? சொன்னவ நான்தான" என்றேன். அதற்கு மேல் பேசவில்லை. தெருவைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், கடந்த பிறகும் விடவில்லை.

கடைசி இரண்டு ராத்திரியும் அதே கடைக்குத்தான் போனோம். மகளுக்கு அது புரியவில்லை. "அவ்வளவு வெரைட்டி இருக்கிற ஊருல ஒரே கடையாம்மா?" என்கிறாள். போன வாரம் அந்தப் பிள்ளை போன் செய்தது. பகா எண்களில் ஒரு நிரூபணம். எனக்கே பாதி மறந்துபோயிருந்தது. பழைய புத்தகத்தை எடுத்து ராத்திரி பத்து மணி வரை படித்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தேன்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பாதிக்கு மேல் என்னிடம் படித்தவர்கள். 2003 அல்லது 2004, ஒன்பதாம் வகுப்பு. அரைப்பரீட்சைத் தாள் கொடுத்த நாள். ஒரு பையனை எழுப்பி நிறுத்தி அந்த வாக்கியத்தைச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். மார்க் குறைந்த வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு முந்தின வாரம்தான் அவன் அப்பா லீவு முடிந்து திரும்பப் போயிருந்தார். அது எனக்குத் தெரியும். பதிவேட்டில் அவன் லீவு எழுதிக்கொடுத்த காகிதம் என் கையில்தான் இருந்தது.

மூன்றாம் பெஞ்சு, ஜன்னல் ஓரம். பெயர் நினைவிருக்கிறது. இங்கே எழுத மாட்டேன். படித்தால் அவனுக்குத் தெரியும். என் நம்பர் மாறவில்லை, அதேதான்.